கட்டளையா, விலையா: தாராளவாதி எந்த வழியில் சூழலைக் காப்பது?

சூழலைக் காக்க அரசு எப்படித் தலையிட வேண்டும் என்ற கேள்வியில் பல ஆண்டுகள் தடைகளையும் கட்டாய விதிகளையுமே ஆதரித்து வந்த நான், இப்போது மாசுக்கு விலை வைக்கும் வழிக்கு மாறியிருக்கிறேன். தலையிடலாமா என்பதில், தனிமனித சுதந்திரத்தை முதன்மையாகக் கருதும் தாராளவாதிக்குத் தயக்கம் வேண்டியதில்லை. பிறருக்குத் தீங்கு நேரும் இடத்தில் குறுக்கிடலாம் என்று ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இலேயே எழுதிவிட்டார்.

மாசைக் குறைக்கும் வழி யாருக்குத் தெரியும் என்ற கேள்வியே என்னை மாற்றியது. அமெரிக்காவில் அமில மழைக்குக் காரணமான கந்தக டை ஆக்சைடைப் பாருங்கள். தூய காற்றுச் சட்டத்தின் 1977 திருத்தத்தை அடுத்து வந்த விதிகளால், கந்தகம் குறைந்த நிலக்கரியை எரித்தாலும் புதிய மின்நிலையம் புகையைக் கழுவும் கருவியைப் பொருத்த வேண்டியிருந்தது. 1990 திருத்தமோ மொத்த வெளியேற்றத்துக்கு வரம்பு கட்டி, குறிப்பிட்ட அளவு கந்தக டை ஆக்சைடை வெளியிட உரிமை தரும் அனுமதிச் சீட்டுகளை வாங்கவும் விற்கவும் விட்டது; மாசுக்கு இப்படி விலை வந்தது. சில நிலையங்கள் கருவியைப் பொருத்தின; சில வயோமிங் மாநிலத்தின் கந்தகம் குறைந்த நிலக்கரியை ரயிலில் தருவித்தன; சில சீட்டுகளை வாங்கிக்கொண்டன. எந்தக் கொதிகலனுக்கு எது மலிவு என்பது அதை நடத்துபவருக்குத்தான் தெரியும். தலைநகரில் இருக்கும் அதிகாரி, எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அதை அறிய வழியில்லை. 2010க்கென வைத்த 89.5 லட்சம் டன் வரம்பு 2007இலேயே எட்டப்பட்டது. ரயில் கட்டணம் அப்போது குறைந்திருந்ததும் இதற்குக் கைகொடுத்தது.

கட்டளை வழியை முற்றாக ஒதுக்கவும் மாட்டேன். சீட்டு வாங்கிய ஆலையின் அருகில் வசிப்பவர் அதே புகையைத்தான் சுவாசிக்கிறார். குழந்தையின் மூளையைச் சிறு அளவிலும் பாதிக்கும் ஈயத்தைப் பெட்ரோலிலிருந்து நீக்கத் தடையே சரி.

நான் உறுதியாகப் பேச முடியாத இடம், விலை வழியின் ஆயுள். ஆஸ்திரேலியா 2012இல் கரிம வாயு வெளியேற்றத்துக்கு வைத்த விலை, ஆட்சி மாறியதும் 2014இல் நீக்கப்பட்டது. ஸ்வீடன் 1991இல் விதித்த கரிம வரி இன்றும் நிற்கிறது. வருமான வரியைக் குறைத்த பெரிய சீர்திருத்தத்தோடு சேர்ந்து வந்ததே அதற்குக் காரணம் என்று எண்ணுகிறேன். ஆனால் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமும் 2008இல் பிற வரிகளைக் குறைத்தே கரிம வரியைத் தொடங்கியது. அப்படியும் 2025இல் நுகர்வோர் மீதான கரிம வரியைக் கைவிட்டுவிட்டது.