ஏற்றத்துக்கு எடை அல்ல, பல்தான் கணக்கு: மூட்டை ஏற்றிய டூரிங் சைக்கிளின் நீண்டகாலப் பயன்பாடு

மேடும் பள்ளமுமான கிராமச் சாலைகளில் நாள் முழுக்க மிதிக்க சைக்கிள் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, வண்டி எத்தனை கிலோ என்றுதான். கேட்க வேண்டிய கேள்வி வேறு: அதில் இருக்கும் மிகச் சின்ன கியர் எது? இங்கே சொல்வது ஸ்டீல் ஃப்ரேம், முன்னால் 44, 32, 22 பல் கொண்ட மூன்று பல்சக்கரம், பின்னால் 11 முதல் 34 பல் வரை ஒன்பது அடுக்கு கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கரத் தொகுதி), 36 கம்பிச் சக்கரம், வி-பிரேக் (சக்கர வளையமான ரிம்மை இரு பக்கமும் பிடிப்பது), 700×37 டயர் உள்ள, மூட்டையோடு நீண்ட பயணம் போகும் டூரிங் சைக்கிளைப் பற்றி.

முன்னால் 22, பின்னால் 34 போட்டால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 1.4 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 5 கி.மீ. ரோடு சைக்கிள்களில் சாதாரணமாக வரும் 34/32 கியரில் (முன்னால் 34, பின்னால் 32) அதே சுற்றுக்கு 2.3 மீட்டர், மணிக்கு 8 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். ஆள், வண்டி, மூட்டை எல்லாம் சேர்ந்து 105 கிலோ, ஏற்றம் 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 22/34 கியருக்குச் சுமார் 125 வாட் போதும். 34/32 கியருக்கு 200 வாட் வேண்டும். நாள் முழுக்க 200 வாட் தருவது பயிற்சி எடுத்தவர்களுக்கே சிரமம். 34/32இலேயே மெதுவாக மிதித்துச் சமாளிக்கலாம் என்றால், வேகம் குறையுமே தவிர ஒவ்வொரு மிதியிலும் முட்டி தாங்கும் பாரம் 1.6 மடங்காகவே இருக்கும். சாயங்காலம் முட்டி வலிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். வண்டியில் 2 கிலோ குறைத்தாலோ மொத்தச் சுமையில் 2 சதவீதம்கூட மிச்சமாகாது.

சின்னப் பல்லுக்கு ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே இறங்கிவிட வேண்டும். காலில் முழு பலம் கொடுத்துக்கொண்டே 32இலிருந்து 22க்கு மாற்றினால் செயின் இறங்க மறுக்கும், இல்லையென்றால் உள்பக்கம் விழுந்து ஃப்ரேமுக்கும் பல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். ஒரே ஒரு சுற்று பலத்தைத் தளர்த்தி மிதித்தாலே போதும், அலுங்காமல் இறங்கிவிடும். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் ஹேண்டில்பார் ஆட்டம் காட்டும். கனமான சாமானை முன்சக்கரத்தின் இரு பக்கமும், அச்சின் உயரத்துக்குத் தாழ்த்தித் தொங்கவிட்டால் அந்த ஆட்டம் நன்றாகக் குறைகிறது.

இறக்கம்தான் வண்டியை உண்மையில் தேய்ப்பது. 105 கிலோ 300 மீட்டர் கீழே இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 3 லட்சம் ஜூல். முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். வேகமாக இறங்கினால் அதில் பெரும்பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். பயத்தில் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே இறங்கினால் அத்தனை சூடும் ரிம்முக்குப் போகும். டியூபில் போட்ட ஒட்டு இளகுவது இப்படித்தான். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிட வேண்டும். அந்த இடைவெளியில் ரிம் ஆறும்.

மழையில் இறங்கிய பிறகு பிரேக் கட்டையிலிருந்து கரகரவென்று சத்தம் வந்தால் அன்றே கழற்றிப் பாருங்கள். கறுப்பு ரப்பருக்குள் வெள்ளி நிறத்தில் அலுமினியத் துணுக்குகள் பளபளக்கும். ஊசிமுனையால் நெம்பி எடுத்து, உப்புத்தாளில் தேய்த்து மாட்ட வேண்டும். விட்டால் அந்தத் துணுக்கே ரிம்மைச் செதுக்கும். ரிம்மின் பக்கவாட்டில் கட்டைவிரலை ஓட்டினால் குழிவு தெரிகிறதா? தேய்மானத்தைக் காட்ட வெட்டிய கோடு மறைந்துவிட்டதா? இரண்டில் ஒன்று ஆம் என்றாலும் ரிம்மை மாற்றுங்கள். காற்றழுத்தத்தில் அந்தச் சுவர் பிளந்தால், இறக்கத்தில் கீழே விழ வேண்டியதுதான். புதிதாக வாங்குகிறவர்களுக்கு எங்கள் சிபாரிசு டிஸ்க் பிரேக்; ரிம் தேயாது. செயினுக்கு எண்ணெய் விடும்போது மட்டும் டிஸ்க்கில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செயினின் புது அளவு 12 முழுக் கண்ணிக்கு 304.8 மி.மீ. ஒன்பது அடுக்கு செயின் 307 மி.மீ.யைத் தொட்டால் மாற்ற வேண்டும். தள்ளிப்போட்டால் கேசட்டும் கூடவே போய்விடும். எதிர்பாராமல் சீக்கிரம் தேய்வது முன்னாலுள்ள 22 பல். பல் குறைவு, ஏற்றத்தின் முழு இழுவையும் அதன் மேல். பல்நுனி கொக்கி போல் வளைந்ததும் செயினை விடாமல் பிடித்து மேலே இழுத்துச் சொருகும். அலுமினியத்துக்குப் பதில் ஸ்டீல் பல் போட்டால் இந்தத் தொல்லை வெகுநாள் எட்டிப் பார்ப்பதில்லை.

கம்பி உடைந்தால் அநேகமாகப் பின்சக்கரத்தில், கேசட் பக்கம், ஹப்பில் (சக்கரத்தின் நடு உருளை) வளையும் இடத்தில். கேசட்டைக் கழற்றாமல் புதுக் கம்பி கோக்க முடியாது, அதனால் கழற்றும் சாவி பையில் இருக்கட்டும். சரியான நீளத்தில் இரண்டு கம்பிகளை ஃப்ரேமோடு டேப் சுற்றி வைக்கலாம். தற்காலிகமாக, உடைந்ததற்கு இருபுறமும் உள்ள கம்பிகளை அரைச் சுற்று தளர்த்தினால் கோட்டம் குறையும். ரிம் உரசாதபடி பிரேக்கை விரித்துவிட்டு மெதுவாக ஓட்டலாம்.

சாப்பாட்டு விஷயம் சுருக்கம்: மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து, பசிக்கும் முன்பே.

தினமும் காலையில் பையை மாட்டும் முன் கேரியர் போல்ட்டுகளை அலன் கீயால் தொட்டுப் பாருங்கள். 5 மி.மீ. போல்ட்தான், ஆனால் பின்பாரம் முழுக்க அச்சுக்குப் பக்கத்திலுள்ள கீழ் போல்ட்டுகளில் இறங்குகிறது; கரடுமுரடான சாலையில் முதலில் கழல்வதும் அவைதான். ஒன்று விழுந்தால் கேரியர் சாய்ந்து பை கம்பிக்குள் போகும். மரையில் நீல நிற த்ரெட்லாக்கர் (போல்ட் கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு, பையில் உபரியாக நான்கு போல்ட். கழன்ற போல்ட்டை முறுக்கும்போது கை உணரும் அளவுக்கு இறுகியதும் நிறுத்திவிடுங்கள்; அதற்கு மேல் போனால் ஃப்ரேமில் உள்ள மரை போய்விடும்.