செகிரோ: அளவு நோட்டில் விழுந்த கோடுகள்

காவேரிப்பட்டணத்தில் பதினேழு வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 42. போன கார்த்திகை வரை செல்போனில் மிட்டாய் உடைக்கும் விளையாட்டைத் தவிர வேறு எதையும் ஆடியதில்லை. அக்கா மகன் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்தான். தங்கும் அறையில் இடமில்லை என்று டிவியில் மாட்டி ஆடும் தன் பிஎஸ்4 விளையாட்டுப் பெட்டியை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனான். கூடவே நாலைந்து டிஸ்க். "சித்தி, கார் ஓட்டுற கேம் இருக்கு, அதை ஆடு. இதை மட்டும் தொடாதே, உனக்கு பிபி ஏறிடும்" என்று ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தான். அதைத்தான் முதலில் போட்டேன்.

அது செகிரோ: ஷேடோஸ் டை ட்வைஸ். ஜப்பானில் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் செய்தது, இயக்கியவர் ஹிடெடாகா மியாசாகி. 2019 மார்ச்சில் வெளிவந்து, அந்த ஆண்டு 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதை வாங்கியிருக்கிறது. ஆடுகிறவரைச் சாகடிப்பதில் பேர் போன நிறுவனம் என்பதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்த சங்கதி. ஐந்து மாதம் ஆடியும் இன்னும் முடிக்கவில்லை. முடிக்காதவள் விமர்சனம் எழுதலாமா என்று கேட்டால், முடித்தவர்கள் எழுதியதைப் படித்தேன், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆடுவதற்குக் கையில் பிடிக்கும் பொத்தான் கருவியான கன்ட்ரோலரை எப்படிப் பிடிப்பது என்பதிலிருந்து தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கதை சின்னது. ஜப்பானில் போர்கள் மலிந்த காலம், அஷினா என்ற நாடு. ஒரு ஷினோபி, அதாவது நிஞ்சா வீரன், அவன் காக்க வேண்டிய சின்ன எஜமான். தொடக்கத்திலேயே நாணல் காட்டில் கெனிசிரோ என்பவனோடு சண்டை. நம்மவனின் இடது கை வெட்டுப்பட்டுப் போகிறது. நான் சரியாக ஆடாததால்தான் கை போயிற்று என்று நினைத்து, அழித்துவிட்டு மூன்று முறை முதலிலிருந்து தொடங்கினேன். நான்காம் முறை பொறுக்காமல் அக்கா மகனுக்குப் போன் போட்டேன். "சித்தி, அது எல்லாருக்கும் போகும். ஜெயிச்சாலும் போகும்" என்றான். இதை அட்டையின் மேலேயே எழுதியிருக்கலாம். அந்தக் கைக்குப் பதிலாக ஒரு கிழவனார் மரக்கை மாட்டிவிடுகிறார். அதில் கயிறு, பட்டாசு, நெருப்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். கயிற்றை வீசிக் கூரைக்குக் கூரை தாவுவது மட்டும் முதல் நாளே வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்திலேயே இரண்டு நாள் ஓட்டினேன்.

சண்டைக்கு வருவோம். இரண்டு கோடுகளைப் பார்க்க வேண்டும். ஒன்று உயிர். இன்னொன்று 'பாஸ்ச்சர்', நிற்கும் நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் வளரும். எதிரியின் கோடு முழுதாக நிரம்பினால் அவன் தடுமாறுவான், அவன் மேல் சிவப்புப் புள்ளி தெரியும், ஒரே குத்தில் முடிந்துவிடும். உயிர் பாதி மிச்சம் இருந்தாலும் சரிதான். அவன் கத்தி நம் மேல் படப்போகிற நொடியில் கன்ட்ரோலரின் இடது மேல்விளிம்பில் இருக்கும் எல்1 பொத்தானைத் தட்டினால் அவன் கோடு ஏறும். அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் அது வெறும் தடுப்பு, ஏறுவது நம் கோடு. நேரம் பார்த்துத் தட்டிக்கொண்டே இருந்தால், நம் கோடு விளிம்பில் நின்றாலும் நிலை உடையாது. பயந்து தள்ளிப் போனால் அவன் மூச்சு வாங்கிக் கோட்டை இறக்கிக்கொள்வான். அதுவரை பட்ட பாடெல்லாம் வீண்.

நான் தள்ளித்தான் போனேன். ஒரு வெட்டு வெட்டுவேன், பத்தடி ஓடுவேன், திரும்பி வருவேன். அஷினா கோட்டைக்கு வெளியே நிற்கும் முதல் தளபதியிடமே பதினெட்டு முறை செத்தேன். எண்ணிக்கை எப்படித் தெரியும் என்றால், அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் சாவுக்கு ஒரு கோடு போட்டு வருகிறேன். ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இத்தனை பிளவுஸ் பாக்கியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

எங்கள் வீட்டில் டிவி கூடத்தில் இருக்கிறது. மதியம் இரண்டு முதல் நாலு வரை எனக்கு, அதற்கப்புறம் மாமியாரின் சீரியல். என் மதியத்தில் அவரும் பாயில் படுத்திருப்பார். அவருடைய அப்பா தெருக்கூத்தில் தாளம் போட்டவர். ஒரு நாள் கண்ணைத் திறக்காமலே, "டொக்குன்னு கேட்டா அடி வாங்கறே, ணங்குன்னு கேட்டா வாங்கலே. அந்த ணங்கை விடாதே" என்றார். திரையைப் பார்த்து ஒரு மாதம் கற்காததை அந்த ஒரு வார்த்தையில் பிடித்தேன். சரியாகத் தட்டினால் கூர்மையான சத்தமும் பெரிய தீப்பொறியும் வரும். வெறும் தடுப்புக்கு மொண்ணைச் சத்தம்தான். எதிரி ஒவ்வொருவனுக்கும் ஒரு நடை இருக்கிறது, ரெண்டு வெட்டு, நிறுத்தம், ஒன்று, அப்புறம் சுழற்றி ஒன்று. படபடவென்று பொத்தானைக் குத்துவதால் பயனில்லை. குத்தக் குத்த, சரியாக விழ வேண்டிய அந்த நேரம் இன்னும் குறுகும்படி செய்து வைத்திருக்கிறார்கள். கால் மெஷினில் புதுப் பெண்கள் உட்கார்ந்தால் துணியை வேகமாக இழுப்பார்கள், நூல் அறுந்துபோகும். அதே கதைதான்.

இவ்வளவு தெரிந்தும் பொங்கல் வரை பத்தில் ஆறு தட்டல் தப்பியது. கை மந்தம், வயசாகிவிட்டது என்று என்னையே திட்டிக்கொண்டேன். பொங்கலுக்கு வந்த அக்கா மகன் ஐந்து நிமிடம் ஆடிப் பார்த்துவிட்டு, டிவி ரிமோட்டை எடுத்து எதையோ மாற்றினான். படத்தை வழுவழுப்பாகக் காட்டுவதற்காக டிவியே சில வேலைகள் செய்யுமாம். அதனால் பொத்தானை அமுக்குவதற்கும் திரையில் நடப்பதற்கும் நடுவே துளி தாமதம் விழுமாம். சினிமா பார்க்கும்போது அது தெரியாது, இந்த விளையாட்டில் தெரியும். அந்த வேலைகளைக் குறைக்கும் 'கேம் மோட்' வைத்த அன்று சாயந்திரமே பத்தில் எட்டு விழுந்தது. செகிரோ வாங்குகிறவர்கள் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். இரண்டு மாதத் திட்டு எனக்கு நானே கொடுத்தது, திரும்ப வாங்க முடியாது.

சரி, எல்லாவற்றையும் தட்டிவிடலாம் என்று நிமிர்ந்தால், நம் தலைக்கு மேல் சிவப்பில் ஒரு ஜப்பானிய எழுத்து மின்னும். ஆபத்து என்று அர்த்தம். வரப்போவது நேர்க்குத்தாக இருக்கலாம், காலை வாரும் வெட்டாக இருக்கலாம், கட்டிப்பிடித்துத் தூக்குவதாகவும் இருக்கலாம். எழுத்து மூன்றுக்கும் ஒன்றே. குத்துக்கு வட்டப் பொத்தானை அமுக்கி எதிரியை நோக்கியே பாய்ந்து ஈட்டியை மிதிக்க வேண்டும் (மிகிரி என்ற இந்த வித்தையைப் புள்ளி சேர்த்துக் கற்க வேண்டும், முதலில் அதைத்தான் கற்க வேண்டும்). காலை வாரினால் குதித்து அவன் தலை மேல் ஏறி உதைக்கலாம். பிடிக்க வந்தால் விலகி ஓட்டம்தான். எந்த ரகம் என்பதை உடம்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் தோளைப் பார்க்கிறேன். தோள் அளவு எடுத்தே பிழைக்கிறவள். குத்த வருகிறவன் தோளைப் பின்னால் இழுப்பான், வாருகிறவன் தாழ்வான். இங்கிலீஷில் எழுதி வருவதைப் படித்து முடிப்பதற்குள் அது மறைந்துவிடுகிறது என்பது என் குறை. ஆனால் சண்டைக்கு அந்த எழுத்து எதுவும் தேவைப்படவில்லை.

பயிற்சிக்கு ஒரு ஆள் இருக்கிறான். பாழடைந்த கோயிலுக்குப் பக்கத்தில் ஹன்பெய் என்று ஒருவன். அவனுக்குச் சாவே கிடையாது. "என்னை வெட்டிப் பழகு" என்று அவனே நிற்பான். தட்டுவது, மிதிப்பது, தாவுவது என்று எதை வேண்டுமானாலும் கேட்டுப் பழகலாம். நான் அவனிடம் இரண்டு வாரம் டியூஷன் போனேன். விளையாட்டு தெரிந்தவர்கள் அவனைத் தாண்டிப் போய்விடுவார்கள் என்று அக்கா மகன் சொன்னான். இதே கம்பெனியின் வேறு விளையாட்டுகளில் உருண்டு உருண்டு தப்பித்துப் பழகியிருந்ததால், அவனுக்கு இதில் பழையதை மறப்பதே பெரும்பாடாக இருந்ததாம். எனக்கு மறக்க ஒன்றும் இல்லை. அந்த லாபம் ஒன்று புதியவர்களுக்கு உண்டு.

தையில் குதிரை வீரனிடம் போய்ச் சேர்ந்தேன். கியோபு. வந்ததும் வராததுமாக ஈட்டியைத் தூக்கிக்கொண்டு தன் முழுப்பெயரையும் முழங்குகிறான். மாமியார் எழுந்து உட்கார்ந்துவிட்டார். எங்கள் பக்கம் பாரதக் கூத்தில் துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று தான் யார் என்று பாடிவிட்டுத்தானே வெளியே வருவான், அதே மாதிரி வரவு. "இவன் வேஷக்காரன்" என்றார். இருபத்து மூன்று கோடு. கடைசியில் மரக்கையில் பட்டாசை மாட்டி வெடித்ததும் குதிரை மிரண்டு நின்றது, அந்த இடைவெளியில் முடித்தேன். பட்டாசை ஒரு வியாபாரி 500 சென் காசுக்கு விற்கிறான். வாங்காமல் போகாதீர்கள்.

அடுத்த வாசலில் கொம்பில் நெருப்புக் கட்டிய காளை. அந்த வாரம் பக்கத்து ஊரில் எருது விடும் விழா. வாசல் வழியாக மைக் சத்தம் கேட்கிறது, உள்ளே நான் இதனோடு ஓடுகிறேன். நிஜத்தில் நான் தடுப்புக் கட்டைக்கு இந்தப் பக்கம்கூட நிற்க மாட்டேன். இங்கே கட்டை கிடையாது. பட்டாசு இதற்கும் வேலை செய்கிறது. ஆனால் சுவரோரம் ஒதுங்கினால் கேமரா, அதாவது திரையில் நாம் பார்க்கும் கோணம், சுற்றிக்கொண்டு எதுவும் தெரியாது, எதிரி மேல் பூட்டி வைத்த குறியும் விட்டுப்போகும். ஐந்து கோடு அதனால் மட்டுமே விழுந்தது. மூலையில் கேமரா படுத்தும் பாட்டுக்கு நான் பாதி மதிப்பெண்கூடக் கொடுக்க மாட்டேன்.

வேறு குறைகளும் சொல்லவேண்டும். சுலபம், நடுத்தரம் என்று தேர்ந்தெடுக்கும் வசதி இல்லை. கெட்டிக்காரருக்கும் எனக்கும் ஒரே எதிரி. செத்தால் ஒருமுறை அங்கேயே எழலாம், அதற்கு மேல் செத்தால் கையிலிருக்கும் காசில் பாதியும், சேர்ந்துகொண்டிருக்கும் அனுபவத்தில் பாதியும் போகும். அனுபவம் முழுதாகச் சேர்ந்து வித்தை கற்கும் புள்ளியாகிவிட்டால் அது போகாது. காசைக் கடையில் கொடுத்துப் பணப்பையாக வாங்கி வைத்துக்கொண்டால் பையும் போகாது. கொஞ்சம் கூடுதலாகக் கேட்பான், கொடுங்கள். நாம் திரும்பத் திரும்பச் செத்தால் கதையில் வருகிறவர்களுக்கு ஒரு நோய் பிடிக்கும். கை மாட்டிவிட்ட கிழவனாரே இருமத் தொடங்கினார். "உன்னாலதான் அந்த மனுஷனுக்கு இருமல்" என்று மாமியார் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மருந்து இருக்கிறது, குணமாகிவிடும் என்று சொல்லிச் சமாதானம் செய்தேன்.

நல்லதும் உண்டு. இன்டர்நெட் இல்லாமல் தனியாக ஆடலாம். சண்டை நடுவே குக்கர் விசில் வந்தால் நிறுத்தி வைத்துவிட்டுப் போகலாம், எதிரி காத்திருப்பான். மதியத்தில் கரண்ட் போகும்போது பயமாக இருக்கும், ஆனால் அது அவ்வப்போது தானே சேமித்துக்கொள்கிறது. கரண்ட் வந்ததும் பெட்டி ஏதோ சரிபார்க்கிறேன் என்று ஐந்து நிமிடம் முனகும், அவ்வளவுதான். டிஸ்க் பழையது, அக்கா மகன் 1,500 ரூபாய்க்கு வாங்கியது. மாங்காய் சீசனுக்கு முன்னால் நான் கன்ட்ரோலரின் இடது குச்சியைத் தேய்த்துத் தீர்த்துவிட்டேன், கிருஷ்ணகிரியில் ஒருவரிடம் 600 கொடுத்து மாற்றினேன். அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

பங்குனியில் கோட்டை உச்சியில் மறுபடியும் கெனிசிரோ. என் கையை எடுத்தவன். நோட்டில் ஒரு பக்கம் முழுக்க அவனுக்கு, 71 கோடு. சண்டை மூன்று கட்டம். முதல் இரண்டில் வில்லும் கத்தியும். நாற்பதாவது கோட்டுக்கு மேல் எனக்கு அவன் நடை மனப்பாடம். ரவிக்கைக்குக் கை ஏற்றும்போதுகூட விரல் அந்தக் கணக்கில் தட்டியது. மூன்றாவது கட்டத்தில் கவசத்தைக் கழற்றிவிட்டு மின்னலை வீசுகிறான். தரையில் கால் இருக்கும்போது பட்டால் உடம்பு விறைத்து நிற்கும். குதித்து அந்தரத்தில் வாங்கி, கால் தரையில் படுவதற்குள் வெட்டும் பொத்தானான ஆர்1-ஐ அமுக்கினால் அதே மின்னல் அவனுக்குத் திரும்பும். கரண்ட் வேலைக்கு வருகிறவர் மரப்பலகை போட்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன், அதை நினைத்துக்கொண்டு குதித்தேன். மின்னல் திரும்பிப் போய் அவன் விறைத்து நின்றபோது மாமியார் சீரியல் நேரம் தாண்டிவிட்டதைச் சொல்லவே இல்லை.

இதற்காக பிஎஸ்4 பெட்டி வாங்க வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே இருந்து, தினம் இரண்டு மணி நேரம் தனக்கென்று கிடைத்து, தோற்றால் தட்டை வீசி எறியாதவர் என்றால் டிஸ்க்கை வாங்கலாம். பரபரப்பாகப் பொழுதுபோக வேண்டும் என்பவருக்கு இது ஆகாது. ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன், குறைத்த ஒன்று கேமராவுக்கு.

இப்போது ஒரு பெரிய வெள்ளைக் குரங்கிடம் நிற்கிறேன். போன வெள்ளிக்கிழமை அதை ஒருவழியாக வென்று, கன்ட்ரோலரைப் பாயில் வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்க எழுந்தேன். நீங்கள் வைக்காதீர்கள். ஏன் என்று கேட்டு போன் போட்டால் அக்கா மகன் சிரிக்கத்தான் செய்கிறான்.