மன்னார் வளைகுடாவில் மீனையும் கடலடியையும் கணக்கெடுக்க எந்த முறை தகும்?

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றி அமைந்த மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 560 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இப்பூங்காவில் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததாலும் கடல் அரிப்பாலும் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. 2010-இலும் 2016-இலும் கடல்நீர் சூடேறியதால் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. இங்கே மீன்கள் எவ்வளவு உள்ளன, அவை வாழும் தரை எந்த நிலையில் உள்ளது என்பதைத் தொடர்ந்து அளக்காவிட்டால், பாதுகாப்பினால் பயன் விளைந்ததா என்று யாராலும் சொல்ல இயலாது. எந்த முறையில் அளப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு இருக்கிறது.

பழைய முறை, முக்குளிப்பவர் கண்ணால் பார்த்து எண்ணுவது. 50 மீட்டர் நீளத்துக்கு அளவு நாடாவை விரித்து, இருபுறமும் இரண்டரை மீட்டர் அகலத்துக்குள், அதாவது 250 சதுர மீட்டருக்குள், தென்படும் மீன்களை இனவாரியாக எண்ணி நீளத்தையும் மதிப்பிட்டு எழுதுவார்கள். நாடாவை விரிக்கும் சலசலப்பிலேயே மீன்கள் விலகிவிடும் என்பதால், எண்ணுபவர் முன்னே நீந்த, துணைவர் பின்னால் நாடாவை விட்டுக்கொண்டு வருவது நல்லது. திரும்பும்போது அதே நாடாவுக்கு அடியில் உயிருள்ள பவளம், இறந்த பவளம், பாசி, மணல், கடல்புல் ஆகியவை எவ்வளவு நீளத்துக்கு இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளலாம். மீனும் தரையும் ஒரே இடத்தில், ஒரே நாளில் பதிவாவதால், பவளம் அழிந்த இடத்தில் எந்த மீன் குறைந்தது என்ற கேள்விக்கு நேரடியாக விடை கிடைக்கிறது. இதை நான் மிகப் பெரிய சிறப்பாகக் கருதுகிறேன்.

குறைகளும் சிறியவை அல்ல. அஞ்சாளை போன்று பொந்தில் பதுங்கும் மீன்களும் இரவில் மட்டும் வெளிவருபவையும் இக்கணக்கில் வருவதில்லை; வேட்டையாடப்பட்டுப் பழகிய கலவா, மனிதரின் மூச்சுக் குமிழியைக் கண்டதுமே மறைந்துவிடுகிறது. முகக் கண்ணாடி வழியே பார்க்கும்போது பொருள்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிவதால் நீள மதிப்பீடும் தவறலாம். மீனின் எடை அதன் நீளத்தின் ஏறத்தாழ மூன்றாம் அடுக்கைப் பொறுத்துக் கூடும் என்பதால், 30 சென்டிமீட்டர் மீனை 33 என்று எழுதினால் எடைக் கணக்கு மூன்றில் ஒரு பங்கு உயர்ந்துவிடும். முன்பயிற்சியின்றி இம்முறையை நம்பக் கூடாது.

இரைவைத்த காணொளி முறை இதற்கு நேர்ப் போட்டி. நசுக்கிய சாளை போன்ற எண்ணெய்ப்பசை மிகுந்த மீனைப் பையில் கட்டி, ஒளிப்படக் கருவியின் முன்னே நீட்டிய கம்பில் தொங்கவிட்டு, வழக்கமாக ஒரு மணி நேரம் கடலடியில் விட்டு வைப்பார்கள். அங்கே மனிதர் இல்லாததால் கூச்சமுள்ள கலவாவும் வெளமீனும் செப்பிலியும் அருகே வருகின்றன. வந்த மீனே மீண்டும் வரக்கூடும் என்பதால், ஒரே காட்சியில் சேர்ந்து தெரிந்த மிகுதியான எண்ணிக்கையை மட்டுமே கணக்கில் கொள்வார்கள். இரு ஒளிப்படக் கருவிகளை இணைத்தால் நீளத்தையும் துல்லியமாக அளக்கலாம். முக்குளிப்பவரின் பெரிய பிழை அங்கே தீர்ந்துவிடுகிறது. ஆனால் இரையின் வாடை எவ்வளவு தூரம் பரவி மீனை இழுத்தது என்பது தெரியாததால், சதுர மீட்டருக்கு எத்தனை மீன் என்று கூற இயலாது. பாசி மேயும் கிளிமீனையும் ஓராவையும்விட ஊனுண்ணிகளே இரைக்கு மிகுதியாக வருகின்றன. இங்கோ, வெளுப்புக்குப் பிறகு இறந்த பவளத்தின்மேல் பாசி படரும்போது நாம் முதலில் கவனிக்க வேண்டியவை அந்த மேய்ச்சல் மீன்களே. கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்றில் நீர் கலங்கி இரண்டு மீட்டர்கூடத் தெரியாத நாளில் எடுத்த காணொளியைத் தெளிந்த நாளின் காணொளியோடு ஒப்பிடுவதும் முறையாகாது. முக்குளிப்பவருக்கும் அந்த நாளில் இதே தடைதான்.

தரையை மட்டும் விரைவாக வரைபடமாக்க வேண்டுமெனில், படகிலிருந்து ஒலியை அனுப்பி அதன் எதிரொலியைக் கொண்டு கடலடியை அளக்கும் ஒலிக்கருவிகள் இருக்கின்றன. பல கற்றை ஒலிக்கருவி ஒரு கடப்பில் அளக்கும் அகலம், பொதுவாக நீரின் ஆழத்தைப் போல மூன்று நான்கு மடங்கு. தீவோரப் பாறைகள் பெரும்பாலும் சில மீட்டர் ஆழத்திலேயே உள்ளன. மூன்று மீட்டர் ஆழத்தில் பத்து மீட்டர் பட்டையை அளக்கப் படகு எத்தனை முறை போய்வர வேண்டும், அதற்கிடையே எத்தனை இடங்களில் தரைதட்டும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மேலும், எதிரொலி கல்லையும் மணலையும் பிரித்துக் காட்டுமேயன்றி, பவளம் உயிரோடு இருக்கிறதா என்பதைச் சொல்லாது. குருசடைத் தீவருகே அயலகக் கடற்பாசியான கப்பாபைகஸ் பவளத்தின்மேல் படர்ந்து மூடியதைப் போன்ற கேட்டை, அருகில் சென்று பார்த்த கண்ணே உறுதிப்படுத்த முடியும். ஆனால் தூத்துக்குடிக்கு வெளியே ஆழத்தில் கிடக்கும் பார்கள் எனப்படும் கடலடிப் பாறைத் திட்டுகளில் நிலைமை வேறு. 20 மீட்டர் ஆழத்தில் முக்குளிப்பவர் பாதுகாப்பாகத் தங்கக்கூடியது ஏறத்தாழ முக்கால் மணி நேரமே என்பதால், அங்கே ஒலிக்கருவியும் காணொளியும் முன்னிற்க வேண்டும்.

கடல்நீரை வடிகட்டி அதில் கலந்துள்ள மரபணுத் துணுக்குகளைக் கொண்டு இனங்களை அறியும் முறை, அஞ்சாளை போன்று மறைந்து வாழ்பவற்றின் பட்டியலுக்கு உதவும். எத்தனை மீன், என்ன நீளம் என்பதற்கு அதில் விடையில்லை. மீன்கள் கரையிறக்கிக் கழுவப்படும் இடங்களுக்கு அருகே எடுத்த நீர் தவறான இனங்களையும் காட்டக்கூடும்.

ஆகவே தீவோர ஆழங்குறைந்த பகுதிக்கு நாடா முறையையே முதன்மையாகக் கொண்டு, அதே இடங்களில் கலவா முதலிய பெரிய மீன்களுக்காகக் காணொளியையும் சேர்ப்பதே தக்கது என்பது என் முடிவு. பணம் ஒன்றுக்கு மட்டுமே போதுமெனில் நாடா முறையையே தேர்வேன். புதிய கருவி வாங்கியதும் பழைய முறையை நிறுத்திவிடுவதை ஏற்க இயலாது. மாற்றித்தான் ஆக வேண்டுமெனில், இரு முறைகளையும் சில ஆண்டுகளாவது ஒரே இடங்களில், ஒரே பருவத்தில் சேர்த்து நடத்த வேண்டும். இல்லாவிடில் எண்ணிக்கையில் தெரியும் ஏற்ற இறக்கம் மீனால் வந்ததா, முறையால் வந்ததா என்று பிரித்தறிய வழியிருக்காது.