டிங்கின் கத்தியா, லாவோட்சுவின் தண்ணீரா?

ஒரே தொழிலில் ஊறிப்போவதா, காலம் மாற மாற நாமும் மாறிக்கொள்வதா? மெய்ப்புத் திருத்தும் வேலையை விட்டு வேறு துறைக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தபோது நான் போகவில்லை. அந்த முடிவுக்குத் துணை நின்றது சீனாவின் பழைய தாவோ சிந்தனைதான்.

மாறுவதன் பக்கம் நிற்பது தாவோ ஞானி லாவோட்சுவின் தண்ணீர். யாரோடும் போட்டி போடாமல், எல்லோரும் ஒதுக்கும் தாழ்ந்த இடத்துக்கும் போய்ச் சேரும். உயிருள்ளது வளையும், செத்தது விறைக்கும் என்றும் அவர் சொல்கிறார். சரிதான், மறுக்க ஒன்றுமில்லை.

எதிர்ப்பக்கம் இன்னொரு தாவோ ஞானியான சுவாங்ட்சு தன் பெயரிலான நூலில் காட்டும் சமையற்காரர் டிங். வென்ஹுய் கோமகனின் முன்னால் மாட்டைக் கூறுபோடுகிறார். சாதாரண சமையற்காரர் எலும்பில் வெட்டி மாதம் ஒரு கத்தியை வீணாக்குவார். கைதேர்ந்தவருக்கு வருடம் ஒன்று. டிங்கின் கத்திக்கு வயது 19. ஆயிரக்கணக்கான மாடுகளுக்குப் பிறகும் அப்போதுதான் சாணை பிடித்ததுபோல இருக்கிறது.

எனக்கு முடிவைத் தந்தது இந்தத் தேய்மானக் கணக்குதான். தொடக்கத்தில் டிங்கின் கண்ணிலும் முழு மாடுதான் பட்டது; மூன்று வருடம் கழித்தே மூட்டுகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி புலப்பட்டது. அடிக்கடி தொழில் மாறுகிறவர் அந்த இடைவெளி தெரியத் தொடங்கும் நேரத்தில் கிளம்பிவிடுகிறார். அடுத்த இடத்திலும் முதலில் எலும்பில்தான் வெட்டு விழும், கத்தி தேயும்.

இன்னொன்று, சிக்கலான மூட்டு வந்தால் டிங் பழக்கத்தை நம்பி வீசுவதில்லை. பார்வையை நிறுத்தி, கத்தியை மிக மெல்ல அசைக்கிறார். எழுத்தாளர் வேண்டுமென்றே விட்ட ஒற்றா, மறந்து விட்டதா என்று ஒரு வரியின் முன் நான் நிற்கும்போது வேண்டியிருப்பதும் அதே நிதானம்தான். தண்ணீரின் இணக்கம் டிங்கின் கைக்குள்ளேயே இருக்கிறது.

ஆனால் அதே சுவாங்ட்சு நூலில் ஜு பிங்மான் என்பவரும் வருகிறார். ஆயிரம் பொன் சொத்தைக் கரைத்து, மூன்று வருடத்தில் டிராகன் கொல்லும் வித்தையைக் கற்றுத் தேர்கிறார். கொல்லத்தான் டிராகன் இல்லை. கற்ற வித்தைக்கு வேலையே இல்லாத அந்த நிலை எனக்கு இன்னும் வரவில்லை. இதில் தொழில் மாறி வாழ்ந்தவர்களின் பேச்சுக்கே எடை அதிகம்.

அந்த நிலை வந்தால், சுவாங்ட்சு சொல்லும் சோங் நாட்டு மருந்தைத்தான் நினைப்பேன். கை வெடிக்காமல் காக்கும் அந்த மருந்தைப் பூசிக்கொண்டு ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பட்டு நூல் அலசியது. செய்முறையை 100 பொன்னுக்கு வாங்கிப்போனவர், குளிர்காலத்தில் வூ நாட்டுப் படையோடு நீர்ப்போரில் யுவே நாட்டை வென்று நிலம் பெற்றார். மருந்து அதேதான், இடம்தான் வேறு. ஆகவே புதுத் தொழிலைத் தேடுவதற்கு முன், மெய்ப்புப் பார்த்த கண்ணுக்கு வேறு எங்கே வேலை இருக்கிறது என்றுதான் விசாரிப்பேன்.