கிராம சபையா, ஆர்டிஐ மனுவா?

மேலே இருப்பவர்கள் சரியில்லை, நாம் என்னதான் செய்வது என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் கைக்கெட்டும் வழிகள் இரண்டு: ஊர் வாக்காளர்கள் கூடித் தீர்மானம் போடும் கிராம சபை; தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி (ஆர்டிஐ) அரசு அலுவலகத்திடம் விவரம் கேட்கும் மனு.

செலவு: சபைக்கு அரை நாள் பொழுது. மனுவுக்கு 10 ரூபாயும் தபால் செலவும்.

நேரம்: சபை வழக்கமாக ஆண்டுக்கு 6 முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மனுவை என்றைக்கும் போடலாம். 30 நாளில் பதில் தரவேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அப்புறம் தகவல் ஆணையம். அங்கே பொறுமை நிறைய வேண்டும்.

துணை: மனுவுக்கு ஆள் வேண்டாம், காரணமும் சொல்ல வேண்டாம். சபையில் தனியாக எழுந்தால் பேச்சு எடுபடாது; தெருக்காரர்கள் பத்துப் பேரோடு போங்கள். தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதி, படித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

குடிநீர், தெருவிளக்கு என்றால் சபை. போட்ட சாலைக்கு எவ்வளவு செலவானது, ஒப்பந்தம் யாருக்கு என்றால் மனு. என்னைக் கேட்டால், ஆகஸ்ட் நடுவில் மனு போட்டு, கிடைத்த பதிலின் நகலோடு அக்டோபர் 2 சபைக்குப் போவேன்.