முத்திரையா, அறை வார்ப்பா?

அல்சூரில் மாமா வீட்டில், உரிமத்தோடு தலைமுறை மாறி வந்த லீ என்ஃபீல்டு என்னும் பழைய பிரிட்டிஷ் ராணுவ வகை ரைபிள் ஒன்று இருக்கிறது. முன்மரம் குறைக்கப்பட்டு வேட்டைத் துப்பாக்கியாக மாறிய அதற்கு எந்தத் தோட்டா பொருந்தும் என்பதை அறிய இரண்டு வழிகள் உண்டு: துப்பாக்கியில் பொறித்த முத்திரையைப் படிப்பது, தோட்டா அமரும் அறையை வார்ப்பெடுத்து அளப்பது.

முத்திரையைப் படிப்பது செலவில்லாதது. ஆனால் அது, துப்பாக்கி தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளின் சாட்சி மட்டுமே. பிரிட்டிஷ் இந்தியாவில் ராணுவத் தோட்டாவான .303-ஐப் பொதுமக்கள் வைத்திருக்கத் தடை இருந்ததால், அதே அமைப்பில் .315 தோட்டாவுக்கான ரைபிள்களும் செய்யப்பட்டன; 1960களில் இஷாப்பூர் தொழிற்சாலை 7.62 மி.மீ. தோட்டாவுக்கான 2ஏ1 வகையையும் செய்தது. வெளித்தோற்றத்தில் இவை அண்ணன் தம்பிகள். குழலை மாற்றியவர் பழைய எழுத்தை அழிக்காமல் விட்டிருக்கவும் கூடும்.

அறை வார்ப்பு பொய் சொல்லாது. சுமார் 70 முதல் 88 டிகிரி செல்சியஸில் உருகும் பிஸ்மத் உலோகக் கலவையை, குழலை அடைத்துவிட்டு அறைக்குள் ஊற்றி, குளிர்ந்ததும் வெளியே எடுத்து அளக்க வேண்டும். இக்கலவை முதலில் சுருங்கிப் பின்னர் விரிவதால், ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து எடுக்கும் அளவே சரியானது. அவசரக்காரர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். .303 தோட்டாவின் உலோக உறை சுமார் 56 மி.மீ., .315-இன் உறை சுமார் 50 மி.மீ. நீளம் என்பதால் வேறுபாடு உடனே தெரியும்.

முத்திரையை மாமாவே படிக்கலாம். வார்ப்பை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடமே விட வேண்டும். தோட்டாவைப் போட்டுப் பார்ப்பது மூன்றாவது வழியன்று.