பழைய செடானும் நடுவிலேயே நிற்கும் டெம்பரேச்சர் முள்ளும்

இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கி, வளைவு போக ஃபேஸிங் செய்து, அதற்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் புது கேஸ்கெட் (அடைப்புத் தகடு) போட்டு என் பழைய செடான் திரும்பி வந்துவிட்டது. நன்றாகவே ஓடுகிறது. எனக்குக் கோபம் மெக்கானிக் மேலும் இல்லை, செலவு மேலும் இல்லை. டாஷ்போர்டில் இருக்கும் டெம்பரேச்சர் முள் மேல்தான். வாங்கிய நாள் முதல் அது நடுக்கோட்டில் அசையாமல் நின்றது. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் குறைந்துகொண்டே வந்தபோதும் நடுவில்தான். ரேடியேட்டர் ஃபேன் பாதி வேலை மட்டும் செய்தபோதும் நடுவில்தான். பிறகு ஒரு நாள் நகர்ந்தது, நகர்ந்த வேகத்தில் சிவப்புக்கே போனது. வண்டியை ஓரங்கட்டி அணைப்பதற்குள் ஹெட் வளைந்துவிட்டது.

முள் பழுதாகவில்லை. அதைச் செய்ததே அப்படித்தான். பல கார்களில் கூலண்ட் ஏறக்குறைய 75 டிகிரியிலிருந்து 105 டிகிரி வரை எங்கே இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஏற்றத்திலும் நெரிசலிலும் முள் ஏறி இறங்கினால் ஓட்டுபவர் பதறுவார் என்பதால் இந்த ஏற்பாடு. புது வண்டிக்கு அது சரி. ரப்பரும் பிளாஸ்டிக்கும் வயதாகிப்போன வண்டிக்கு, ஓட்டுபவர் பதற வேண்டிய நேரமே 95-க்கும் 105-க்கும் நடுவில்தான் இருக்கிறது. அந்தத் தகவலைத்தான் முள் மறைக்கிறது. அதோடு, வெப்பத்தை அளக்கும் சென்சார் கூலண்டில் மூழ்கியிருந்தால்தான் சரியான அளவு காட்டும். கூலண்ட் வடிந்து சென்சாரைச் சுற்றிக் காற்றோ ஆவியோ நின்றால், இன்ஜின் கொதிக்கும்போதும் முள் இறங்கிப்போகலாம். வார்ப்பிரும்பு பிளாக் மேல் அலுமினிய ஹெட் உட்கார்ந்திருக்கும் இன்ஜின் இது. அதே சூட்டில் அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவடையும். நடுவில் மாட்டிக்கொண்டு சாவது கேஸ்கெட்.

இவ்வளவு திட்டினாலும் இந்த வண்டியை ஓட்டப் பிடிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஹைட்ராலிக் ஸ்டியரிங் சாலையில் என்ன நடக்கிறது என்பதைக் கைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அண்மையில் ஓட்டிப் பார்த்த புது வண்டிகள் எதிலும் எனக்கு அது கிடைக்கவில்லை. நீண்ட பயணத்தில் முதுகு வலிக்காத சீட். கதவை மூடினால் வரும் கனமான சத்தம். தேய்மானத்தால் இழக்க வேண்டிய விலையை முதல் உரிமையாளரே பெரும்பாலும் இழந்துவிட்டார், அந்தக் கவலையும் எனக்கு இல்லை.

மற்ற செலவுகள் எல்லாம் எதிர்பார்க்கக்கூடியவை. லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராட், இன்ஜின் மவுண்ட், ஆக்ஸில் பூட் (சக்கரத்துக்குப் போகும் அச்சின் ஜாயிண்டை மூடும் உறை) என்று ரப்பர் இருக்கும் இடமெல்லாம் வரிசையாக வரும். பூட் கிழிந்தவுடனே மாற்றினால் சின்ன வேலை. விட்டுவிட்டால் கிரீஸ் வெளியேறி, மண் புகுந்து, திருப்பத்தில் டக் டக் என்று சத்தம் வரும், ஜாயிண்டையே மாற்ற வேண்டியிருக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். டைமிங் பெல்ட்டில் பெல்ட்டின் விலையை விடப் பிரித்துப் பூட்டும் கூலிதான் அதிகம். அதனால் பிரிக்கும்போதே பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், ஆயில் சீல் எல்லாம் மாற்றுவது லாபம். என் வண்டிபோல அதே பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப் என்றால் அதையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் ரப்பர் கெடும். 'குறைவாக ஓடிய வண்டி' என்று சொல்லி விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

கூலிங் மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. ரேடியேட்டரின் நடுப்பகுதி அலுமினியம், இரண்டு பக்கத் தொட்டியும் பிளாஸ்டிக். சூடாகிச் சூடாகி ஆறும் பிளாஸ்டிக் நொறுங்கும் பதத்துக்கு வந்து, மயிரிழை அளவில் விரிசல் விடும். அதை மாற்றினேன். பழைய ரேடியேட்டர் கசிந்தவரை சிஸ்டத்தில் அழுத்தம் முழுதாக ஏறவில்லை. புதுசு வந்ததும் முழு அழுத்தம் நின்றது, அடுத்த பலவீனமான இடம் வாய் திறந்தது. ஹோஸ், அப்புறம் பிளாஸ்டிக் டி-ஜாயிண்ட், அப்புறம் வாட்டர் பம்பின் சின்னத் துளை வழியாகச் சொட்டு. ஒவ்வொரு முறையும் கூலண்டை இறக்க வேண்டும், நிரப்ப வேண்டும், காற்றை வெளியேற்ற வேண்டும், அத்தனைக்கும் கூலி. எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றித்தர எந்த ஒர்க்‌ஷாப்பும் தானாக முன்வரவில்லை. 'கெட்டதை மட்டும் மாற்றினால் போதும்' என்பது நல்ல மனதோடு சொல்லப்படும் அறிவுரைதான். கூலிங் விஷயத்தில் அதுதான் மிக அதிகச் செலவு வைக்கும் அறிவுரை.

இதில் யாரும் கவனிக்காத பொருள் ரேடியேட்டர் மூடி. வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்தால் 107 வாக்கில். மூடி 1 பார் அளவு கூடுதல் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் 125-ஐத் தாண்டும். மூடியின் ஸ்பிரிங்கும் ரப்பரும் தளர்ந்தால் அந்தப் பாதுகாப்பு அப்படியே போய்விடும். மொத்த சிஸ்டத்திலும் மிக மலிவான பொருள் இதுதான். இதை முதலில் மாற்றாமல் வேறு எதையும் தொடாதீர்கள்.

இன்னொரு கொடுமை தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடாகும்வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் அடைக்கும் வால்வு. என் கைக்கு வந்தபோது வண்டியில் அது இல்லவே இல்லை. சூடாகும் வண்டிக்குச் சிகிச்சையாக யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். விளைவு, நெடுஞ்சாலையில் இன்ஜின் போதுமான சூட்டுக்கே வராது. கம்ப்யூட்டர் இன்ஜின் இன்னும் சூடேறவில்லை என்றே நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். மைலேஜ் குறைவு என்று பிளக், ஃபில்டர், இன்ஜெக்டர் என்று தேடிக்கொண்டிருந்தோம். அப்போதும் முள் நடுவில்தான் நின்றது.

உண்மையைச் சொன்னது ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகும் சின்ன ஓபிடி ஸ்கேனர், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி. போனிலேயே கூலண்ட் வெப்பம் எண்ணாகத் தெரிகிறது. நெரிசலில் 96, 99, 102 என்று ஏறுவதையும், ஃபேன் ஓடியதும் இறங்குவதையும் பார்க்கலாம். நின்றால் ஏசி குளிராமல், ஓடினால் மட்டும் குளிர்ந்ததற்கும் விடை இதில்தான் கிடைத்தது: ஃபேனின் குறைந்த வேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்துபோயிருந்தது, வண்டி நிற்கும்போது காற்றை இழுக்க ஃபேன் ஓடவில்லை. ஹெட் வளைந்த பிறகுதான் இந்தக் கருவி கிடைத்தது என்பதில் எனக்கு ஆறாத வருத்தம்.

இதே மாடல் ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். சீட்டையும் ஸ்டியரிங்கையும் பற்றி மேலே எழுதியதில் ஒரு சொல்லைக்கூட நான் திரும்பப் பெறவில்லை. என் வண்டியை விற்கப்போவதும் இல்லை. ஆனால் அவருக்கு என் பதில்: வேண்டாம். ஓட்டுபவரிடம் உண்மையை மறைக்கும் வண்டியை நான் இன்னொருவருக்குப் பரிந்துரைக்க முடியாது.

அப்படியும் பார்க்கப் போகிறார் என்றால், இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்கட்டும். உள்ளே துருத் தண்ணீரா, கூலண்டா? ஆயிலில் கூலண்ட் கலப்பதைக் காட்டக்கூடிய பால் நிறப் படிவு ஆயில் மூடியின் அடியில் இருக்கிறதா? பிறகு இரண்டு மூடியையும் பூட்டி, ஸ்கேனரைச் செருகி, ஏசி போடாமல் ஐடிலில் விட்டு, ஃபேன் எந்த எண்ணில் ஓடத் தொடங்குகிறது, எந்த எண்ணில் நிற்கிறது என்று இரண்டு மூன்று சுற்று பார்க்க வேண்டும். அதன் பிறகு ஏசியோடு. போகும்போதே இன்ஜின் சூடாக இருந்தால், இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடட்டும்.